பெயர் நின்றது, அளவு மறைந்தது: தமிழர் விதைப்பயறு காப்பு முறைகளின் வரலாறு

முன்னுரை

ஆடிப்பட்டத்தில் விதைத்த துவரை தை, மாசியில் அறுவடையாகிறது. அதில் ஒரு பகுதியை அடுத்த ஆடிவரை விதையாகக் காக்க வேண்டும். காவிரிப் படுகையில் நெல் அறுவடையை ஒட்டித் தையில் தெளிக்கும் உளுந்துக்கும் பச்சைப்பயற்றுக்கும் காத்திருக்கும் காலம் இன்னும் நீண்டது. பங்குனி, சித்திரையில் கைக்கு வந்த விதை மறு தைவரை ஏறத்தாழ ஒன்பது மாதம் உயிரோடு இருக்க வேண்டும். இந்த இடைவெளியில் விதையைப் பெரிதும் அழிப்பது ஓர் அரிசியளவும் இல்லாத பயறு வண்டு.

நச்சு வேதிப்பொருள்கள் வருமுன் தமிழ் உழவர் குடும்பங்கள் இவ்விடைவெளியை எவ்வாறு கடந்தன என்பதையும், அந்த அறிவு எழுத்தில் பதிவானபோது எதைத் தக்கவைத்துக்கொண்டு எதை இழந்தது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். செம்மண், சாம்பல், வேம்பு, எண்ணெய், வெயில் என்னும் பெயர்களை நாம் அனைவரும் அறிவோம். எவ்வளவு சாம்பல், எவ்வளவு நேர ஊறல், எந்த அளவு வெயில் என்பன இப்பெயர்களோடு சேர்ந்து நம்மிடம் வந்து சேரவில்லை. பொருளின் பெயர் நிலைத்து, அதன் அளவும் வேளையும் வரிசையும் மறைந்துபோனதே இவ்வரலாற்றின் மையச் செய்தி என்பது இக்கட்டுரையின் கருத்து.

பயறு வண்டின் வாழ்க்கை

காப்பு முறைகளை மதிப்பிடுவதற்குமுன் பகையின் இயல்பை அறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் பயற்றைத் தாக்கும் வண்டுகளுள் இரண்டு சிற்றினங்கள் முதன்மையானவை. ஒன்று 1758இல் லின்னேயஸ் விவரித்த காலோசோபுரூக்கஸ் சைனென்சிஸ். மற்றொன்று 1775இல் ஃபேப்ரீசியஸ் விவரித்த காலோசோபுரூக்கஸ் மாகுலேட்டஸ். முன்னதன் பெயர் சீனத்தைச் சுட்டினாலும் அது ஆசியாவெங்கும் பரவியது. பின்னது, தான் விரும்பி உண்ணும் காராமணியைப் போலவே, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பர்.

பெண் வண்டு விதையின் மேற்றோலில் முட்டையைப் பசையிட்டதுபோல் ஒட்டி வைக்கிறது. ஒரு வண்டு நூறு முட்டை வரை இடும். முட்டையிலிருந்து தோன்றும் புழு வெளியுலகைக் காண்பதில்லை. முட்டை ஒட்டிய இடத்திலேயே விதைத்தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. பருப்பைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வட்டத் துளையிட்டு வண்டாக வெளிவருகிறது. வெப்பமான பருவத்தில் இச்சுழற்சிக்கு மூன்று நான்கு வாரம் போதும். வெளிவந்த வண்டு உணவின்றியே இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு வாரத்தில் மடிகிறது. தலைமுறைக்குப் பத்து மடங்கு பெருக்கம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மூன்று தலைமுறையில், அதாவது மூன்று மாதத்துக்குள், அது ஆயிரம் மடங்காகிறது. ஒன்பது மாதம் காக்க வேண்டிய விதைக்கு இக்கணக்கு எத்தகைய அச்சுறுத்தல் என்பது வெளிப்படை.

இவ்வாழ்க்கையில் நான்கு நலிவிடங்கள் உள்ளன. முதலாவது, தாக்குதல் பெரும்பாலும் வயலிலேயே, நெற்று முற்றிக் காயும்போதே தொடங்கிவிடுகிறது. ஆதலின் களத்து வெயிலே முதற்காப்பு. இரண்டாவது, முட்டை விதையின் வெளிப்பரப்பில் ஒட்டியுள்ளது. அப்பரப்பை மாற்றினால் முட்டை நிலைக்காது. மூன்றாவது, வண்டு இணைசேர விதைகளுக்கிடையே நடமாட வேண்டும். இடைவெளியை நிரப்பினால் நடமாட்டம் தடைப்படும். நான்காவது, விதைக்குள் இருக்கும் புழுவும் மூச்சுவிட வேண்டும். காற்று புகாமல் மூடினால் அது வளராது. தமிழ் வீடுகளில் வழங்கிய முறைகளை இந்நான்கனுள் ஒன்றிலோ பலவற்றிலோ பொருத்திக் காட்டலாம்.

இலக்கியமும் சொல்வழக்கும் தரும் சான்று

தென்னிந்தியாவில் பயறு வேளாண்மையின் தொன்மை தொல்தாவரவியலால் உறுதிப்பட்டுள்ளது. டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் முதலியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, சங்கனகல்லு, ஹள்ளூர் முதலிய கருநாடகப் புதிய கற்கால இருப்பிடங்களில் கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களோடு பயிரிடப்பட்டதைக் காட்டியது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் திருமண விருந்தில் உழுந்துணவு இடம்பெறுகிறது. ஆண்டுதோறும் விதைத்தவர்கள் ஆண்டுதோறும் விதை காத்தவர்களாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது தேற்றம்.

சேமிப்பைப் பற்றிச் சங்க இலக்கியம் பேசுகிறது. பெரும்பாணாற்றுப்படை, ஏணிக்கும் எட்டாத உயரமுடைய, முகட்டைத் திறந்து தானியம் இடும் கூடுகள் நிற்கும் மனைகளைக் காட்டுகிறது. பக்கத்தில் வாயிலின்றி மேலே மட்டும் திறப்புடைய கொள்கலம் காற்றையும் பூச்சியையும் குறைவாகவே உள்ளே விடும். புறநானூற்றின் 333ஆம் பாடல் நமக்கு மேலும் நெருங்கியது. வந்த பாணர்க்கு உணவிட வேறு வழியில்லாத மனையாள், கதிரோடு உலர்த்தி வைத்திருந்த விதைத்தினையை உரலில் இடுகிறாள். இதிலிருந்து இரண்டு செய்திகளை உய்த்துணரலாம். உணவுத் தானியமும் விதைத் தானியமும் வீட்டில் வேறு வேறாக வைக்கப்பட்டன. விதை, உதிர்க்கப்படாமல் கதிரோடே உலர்த்திக் காக்கப்பட்டது. விருந்துக்காக விதையையும் இழப்பது அறத்தின் உச்சமாகப் போற்றப்பட்டதைப் பெரியபுராணத்தின் இளையான்குடி மாறநாயனார் வரலாறும் காட்டும்; அங்கு விதைத்த நெல்லே வாரிக் கொணரப்படுகிறது. விதை எவ்வளவு அரிதாகக் காக்கப்பட்டதோ அவ்வளவு அரிதாயிற்று அதனை ஈதலும்.

ஆயினும் இலக்கியம் சேமிப்பின் பெருமிதத்தைப் பாடுகிறது. செய்முறை கூறுவது அதன் பணி அன்று. செய்முறையின் சுவடுகளைச் சொல்வழக்கில் தேட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் இத்துறைச் சொற்களின் வளம் புலனாகும். தானியத்தை அழிக்கும் சிறுபூச்சி அந்து. மரத்தையும் மணியையும் உள்ளே குடைவது உளு; அவ்வாறு குடையப்பட்டது உளுத்தது. வெளியே முழுமையும் உள்ளே வெறுமையுமான நிலைக்குத் தனி வினைச்சொல்லே அமைந்த மொழி, அந்நிலையை நாள்தோறும் கண்டவர்களின் மொழி. கொள்கலத்துக்கும் அவ்வாறே குதிர், கூடு, குலுக்கை, தொம்பை, பத்தாயம், கோட்டை, சேர் எனப் பெயர்கள் பல. இவை வட்டாரத்துக்கும் தானியத்துக்கும் ஏற்ப வேறுபட்ட பொருள்களைக் குறித்தன. அகராதி இப்பெயர்களைக் காத்துத் தந்தது பெருங்கொடை. எனினும், குலுக்கையின் வாயை எந்த மாதத்தில் சாணமும் மண்ணும் குழைத்து மூட வேண்டும், எப்போது திறக்கலாகாது என்பதைச் சொல்ல அகராதிப் பதிவில் இடமில்லை.

உணவுப் பயறும் விதைப் பயறும்

வீட்டு முறைகளை விளங்கிக்கொள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். பயறு வண்டு முழு விதையின் வழவழப்பான குவிந்த பரப்பையே முட்டையிட நாடுகிறது. தோல் நீக்கி உடைத்த பருப்பில் அது பெரும்பாலும் பெருகுவதில்லை. ஆதலால் உண்ணும் பயற்றைப் பருப்பாக உடைத்து வைப்பதே ஒரு காப்பு. விதையை உடைக்க இயலாது. வண்டிடமிருந்து காக்க வேண்டிய முழுப்பயறு பெரும்பாலும் விதைப்பயறே. அதன் காவல் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது.

செம்மண் கட்டுதல் என்னும் வழக்கம் இவ்வேறுபாட்டை நன்கு காட்டும். பருப்புக்காகத் துவரையைப் பல மணி நேரம் ஊறவைத்து, செம்மண் குழம்பைக் கலந்து, இரவெல்லாம் குவித்து வைத்துப் பின் நாட்கணக்கில் வெயிலில் உலர்த்துவர். இதனால் தோல் தளர்ந்து திரிகையில் எளிதில் உடையும். விதைக்காகவும் துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்துவர். ஆனால் இங்கு நீண்ட ஊறல் ஆகாது; நீரை முழுமையாக உறிஞ்சிய விதை முளைக்கத் தொடங்கிவிடும், உலர்த்தும்போது அம்முளை மடியும். குழம்பு தோலின்மேல் படிந்தவுடன் வெயிலுக்குச் செல்ல வேண்டும். விதையும் அதே, மண்ணும் அதே, வெயிலும் அதே. ஊறும் நேரம் ஒன்றே அதனை உணவாகவோ விதையாகவோ ஆக்குகிறது. ‘துவரைக்குச் செம்மண் கட்டுவர்’ என்று மட்டும் எழுதிவைக்கும் பதிவு, இவ்விரு வேறு தொழில்களை ஒன்றாக்கிவிடுகிறது.

பிற முறைகளைச் சுருக்கமாகக் கூறலாம். அவரை, மொச்சை, காராமணி விதைகளைச் சாம்பலில் புதைத்துப் பானையில் வைத்தல். பானையில் நிரப்பிய பயற்றின்மேல் மணலைப் பரப்பி மூடுதல். ஆமணக்கெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் தடவிப் பிசிறுதல். உலர்ந்த வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியவற்றை இடையிடையே வைத்தல். காய்கறி விதைகளைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் ஒட்டுதல். சுரைக்குடுவையில் இட்டு அடைத்தல். அடுப்புக்கு மேலே புகைபடும்படி நெற்றோடும் கதிரோடும் தொங்கவிடுதல். அமாவாசை தோறும் எடுத்து வெயிலில் காயவைத்தல் என்பன அவை. இறுதியில் கூறியதன் பயன், நிலவின் மறைவைவிட, மாதம் ஒருமுறை என்னும் ஒழுங்கிலேயே உள்ளது எனக் கருதலாம். வண்டின் ஒரு தலைமுறைக்கு ஆகும் காலமும் ஏறத்தாழ ஒரு மாதம். நாள்காட்டி இல்லாத வீட்டில் அமாவாசையே நாள்காட்டி. இங்கு வேளையைக் காத்தது சடங்கு.

அளவையும் விளைவையும் காத்த மற்றொரு சடங்கு முளைப்பாரி. பெண்கள் பலவகைத் தானியங்களையும் பயறுகளையும் சட்டியில் முளைக்கவிட்டு ஊர்வலமாக எடுத்துச் செல்லும் இவ்வழக்கத்தின் தொன்மைக்கு, சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் முளைப்பாலிகை ஏந்தி வரும் மகளிர் சான்றாவர். ஊரறியச் செழித்த சட்டி அவ்வீட்டு விதை நன்கு காக்கப்பட்டதையும், சோம்பிய சட்டி காப்பில் பிழை நேர்ந்ததையும் காட்டும். வழிபாட்டின் பொருள் இதனினும் விரிந்தது எனினும், முளைப்புத்திறன் சோதனையாகவும் இது பயன்பட்டிருக்கும் எனக் கொள்ள இடமுண்டு.

உரோமானியர் குறிப்புகளோடு ஓர் ஒப்பீடு

இம்முறைகள் தமிழர்க்கே உரியன என்று உரிமை கொண்டாடுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் வேளாண்மை நூல் எழுதிய கேட்டோ, மைசூர்ப்பருப்பு எனப்படும் துவரைபோலும் பயற்றைக் காக்க வழி கூறுகிறார். பெருங்காயத்தை ஒத்த ஒரு பிசினைக் காடியில் கரைத்துப் பயற்றில் கலந்து, வெயிலில் வைத்து, பின் எண்ணெய் தடவி உலர்த்த வேண்டும் என்பது அவர் வாக்கு. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா இன்னும் விரிவாகச் சொல்கிறார். பயற்றை நீரில் இட்டு, மிதக்கும் பொள்ளலைக் களைந்து, வெயிலில் உலர்த்தி, பிசினும் காடியும் தேய்த்து, மீண்டும் உலர்த்தி ஆறவைத்து, சிறிய அளவாயின் எண்ணெய்ச் சாடிகளில் நிரப்பி உடனே சாந்து பூசி மூட வேண்டும் என்கிறார்.

வெயில், மணம், எண்ணெய், காற்றுபுகா மூடல் என்னும் நான்கும் நம் வீட்டு முறைகளிலும் உள்ளன. ஒரே வகைப் பகையை எதிர்கொண்ட உழவர்கள் வெவ்வேறு நிலங்களில் ஒரே வகை விடையைக் கண்டனர் என்பதே பொருத்தமான முடிவு. இவ்விரு ஆசிரியரிடையேயும் ஒரு வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. கேட்டோ பொருள்களின் பெயரைத் தந்தார். கொலுமெல்லா வரிசையைத் தந்தார். உலர்த்தியபின் ஆறவிடாமல் சாடியில் இட்டால் வெம்மையால் உள்ளே நீர்த்துளி கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ‘ஆறவைத்து’ என்னும் ஒரு சொல், செய்து பார்த்தவரிடமிருந்தே வந்திருக்க இயலும்.

பூச்சியியலின் வருகையும் நச்சுப்பொடிக் காலமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயறு வண்டு அரசு ஆவணங்களில் நுழைந்தது. 1906இல் கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்லூரி அமைந்தது. பெயின்பிரிக் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. 1919இல் பூசாவில் கூடிய மூன்றாவது பூச்சியியல் மாநாட்டின் தொகுதியில், சேமிப்புத் தானியப் பூச்சிகளைப் பற்றிப் பிளெட்சரும் கோஷும் எழுதிய நீண்ட கட்டுரை இடம்பெற்றது. தி. வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு 1940இல் வெளியாயிற்று. பூச்சியின் பெயர், பருவம், உணவு, பகைகள் என்பன இக்காலத்தில் ஒழுங்காக அறியப்பட்டன. கார்பன் டைசல்பைடு போன்ற ஆவிகளால் பூச்சியைக் கொல்லும் முறையும் பரிந்துரைக்கப்பட்டது. எளிதில் தீப்பற்றும் அப்பொருள் கூரைவீட்டுக் குதிருக்கு ஏற்றதன்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் வந்தன. 1960களின் நடுப்பகுதியில் இந்திய அரசு தானியக் காப்பு இயக்கத்தைத் தொடங்கியது. எத்திலீன் டைபுரோமைடு அடைத்த கண்ணாடிக் குப்பிகள் வீட்டுக் களஞ்சியங்களுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. பஞ்சத்தின் நிழலில் இருந்த நாட்டில் தானிய இழப்பைத் தடுக்க முனைந்தவர்களின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆயினும் அப்பொருள்களின் பிற்கால வரலாறு தெளிவானது. இந்தியாவில் வேளாண்மையில் டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும், எத்திலீன் டைபுரோமைடு 2001இலும் விலக்கப்பட்டன.

வீட்டுமுறை இவ்வளவு விரைவில் பின்வாங்கியது ஏன்? நச்சுப்பொடி விரைந்து கொன்றது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் குறைவாகவே பேசப்படுகிறது. நச்சுப்பொடியின் உறைமேல் அளவு அச்சிடப்பட்டிருந்தது. நூறு கிலோ விதைக்கு இத்தனை என்று விரிவாக்க அலுவலர் சொல்ல முடிந்தது. சாம்பலுக்கும் செம்மண்ணுக்கும் அவ்வாறு சொல்ல எவரிடமும் எழுத்து இல்லை. இருந்தது கை மட்டுமே. இரண்டு தலைமுறை பொடியைக் கலந்தபின் அந்தக் கையும் பழக்கம் இழந்தது. பின்னர் நச்சு விலக்கப்பட்டபோது, திரும்பிச் செல்வதற்குப் பெயர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன.

ஆய்வகம் மீட்டெடுத்த அளவுகள்

இழந்த அளவுகளுள் சிலவற்றை ஆய்வகங்கள் தனித்தனியே மீட்டுள்ளன. அவற்றுள் பல தமிழகத்துக்கு வெளியே நிகழ்ந்தவை.

மண்ணை முதலில் கொள்வோம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற சீன ஆய்வாளர் ஷின்ஃபூன் சியு, நச்சற்ற நுண்பொடிகள் அவரை வண்டைக் கொல்வதை 1939இல் வெளியிட்டார். விக்கிள்ஸ்வொர்த் 1944இல் அதன் காரணத்தை விளக்கினார். பூச்சியின் உடல்மேல் உள்ள மெல்லிய மெழுகுப்படலத்தைப் பொடி சிதைக்கிறது. உடலின் நீர் வெளியேறிப் பூச்சி வறண்டு மடிகிறது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மஜும்தாரும் உடன் ஆய்வாளர்களும், ஊக்கப்படுத்திய களிமண்ணின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1959இல் அறிவித்தனர். இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயறு விதைக்குப் பரிந்துரைப்பவற்றுள், நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ ஊக்கப்படுத்திய கயோலின் களிமண்ணும் ஒன்று. ஈரக்காற்றில் இத்தகைய பொடிகளின் ஆற்றல் குன்றும். விதையை நன்கு உலர்த்தியபின் பூசுதலும், பூசியபின் மீண்டும் உலர்த்துதலும் முறையின் உயிர்ப்பகுதிகள்.

சாம்பலைப் பற்றிய ஆய்வு இக்கட்டுரையின் கருத்துக்கு மிக நெருங்கியது. ஆப்பிரிக்கக் காராமணிச் சேமிப்பை ஆராய்ந்த உல்ஃப்சன், முர்டாக் முதலியோர் 1991இல் வெளியிட்ட முடிவின்படி, கொள்ளளவில் நான்கு பங்கு காராமணிக்கு மூன்று பங்கு சாம்பலேனும் இருந்தாலே வண்டின் பெருக்கம் தடைப்படும். அதாவது விதையின் அளவில் முக்காற்பங்கு சாம்பல். விதைகளுக்கிடையே உள்ள வெளி முழுவதும் நிரம்பி, வண்டு நகர இயலாத நிலை அது. ‘சாம்பல் தூவி வைத்தல்’ என்று படித்து ஒரு பிடி சாம்பலைத் தூவியவர் வண்டையே அறுவடை செய்வார். முன்னோர் முறை பொய் என்றும் முடிவு கட்டுவார். பொய்த்தது முறையன்று, பதிவு.

எண்ணெயின் அளவு இதற்கு நேர்மாறானது. கொலம்பியாவின் காலி நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் வான் ஸ்கூன்ஹோவன் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ அவரைக்கு 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, தாவர எண்ணெயே நல்ல காப்பளித்தது. எண்ணெய்ப்படலம் முட்டையின் மூச்சை அடைக்கிறது. இங்கு வேண்டுவது மிகுதி அன்று. ஒவ்வொரு மணியிலும் படும்படி நிதானமாகப் பிசிறுதல்.

வேம்பின் அளவை இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜோத்வானியும் சர்க்காரும் 1967இல் வகுத்தனர். நூறு பங்கு பயற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வேப்பங்கொட்டைத் தூள் கலந்தால் பல மாதக் காப்பு கிட்டும் என்பது அவர்கள் கண்டது. அவர்கள் ஆய்ந்தது கொட்டை. வீடுகளில் எளிதில் கிடைப்பது இலை. அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருள் கொட்டையிலேயே செறிந்துள்ளது. இலையைப் பற்றிய வழக்கத்துக்குக் கொட்டையின் முடிவைச் சான்றாகக் காட்டும் எழுத்துகள் பெருகியிருப்பது கவலைக்குரியது.

வெயிலுக்கும் எண் கிடைத்துள்ளது. முர்டாக், ஷேட் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு ஆய்வில், 57 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்த காராமணியில் வண்டின் எல்லாப் பருவங்களும் மடிந்தன. கருநிற விரிப்பில் மெல்லிய படுகையாகப் பரப்பி ஒளிபுகும் தாளால் மூடினால் வெயிலே இவ்வெப்பத்தைத் தரும். தடிமனாகக் குவித்துக் காயவைத்த விதையின் அடிப்பகுதி இவ்வெப்பத்தை எட்டாது. மூடிய கலத்தைப் பற்றியும் முர்டாக் குழுவினர் 2012இல் ஒரு விளக்கம் தந்தனர். காற்றில் உயிர்வளி குறையும்போது புழு உண்பதை நிறுத்துகிறது. உணவிலிருந்து தன் உடலுக்கு வேண்டிய நீரை ஆக்க இயலாமல் வறட்சியால் மடிகிறது. வாய் பூசிய குலுக்கையின் உள்ளே நிகழ்ந்ததும் இத்தகையதே எனலாம். பூச்சில் ஒரு விரிசல் இருந்தாலும் அப்பயன் கெடும்.

கடல்கடந்த விதையும் புதிய வண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரீசியசுக்கும் நட்டாலுக்கும் மலாயாவுக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் சென்ற தமிழர்க்குப் பங்கீடாகவும் கடைச்சரக்காகவும் கிடைத்தது அரிசியும் பருப்பும். உடைத்த பருப்பு முளைக்காது. விதைப்பயறும் அதனைக் காக்கும் கையும் ஒருங்கே கடல் கடப்பது பருப்பு மூட்டையைப்போல் எளிதன்று. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியவர்கள் கோடைத் தோட்டங்களில் மீண்டும் விதைக்கத் தொடங்கியபோது இவ்வறிவுக்குப் புதிய தேவை எழுந்தது.

அங்கு பகையும் வேறு. ஈழத்தமிழர் போஞ்சி என வழங்கும் அவரையைத் தாக்குவது அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அகாந்தோசெலிடஸ் ஒப்டெக்டஸ் என்னும் வண்டு. இது முட்டையை விதையில் ஒட்டுவதில்லை, விதைகளுக்கிடையே உதிர்த்துவிடுகிறது. பொரித்த புழு அலைந்து திரிந்து, அண்டை விதையில் உடலை ஊன்றிக்கொண்டு துளைக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குவென்டின், ஸ்பென்சர், மில்லர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, விதைக்கலத்தை நாள்தோறும் சிலமுறை உருட்டினாலே இப்புழு துளையிட முடியாமல் மடிவதைக் காட்டியது. முட்டையை ஒட்டிவைக்கும் நம் பயறு வண்டிடம் இம்முறை அவ்வாறு பலிக்காது. மறுபுறம், குளிர்நாட்டு வீடுகளில் நன்கு உலர்ந்த விதையைச் சில நாள் உறைபெட்டியில் வைத்தல் இருவகை வண்டையும் கொல்லும். முறையைப் பகையின் இயல்போடு சேர்த்துக் கற்காமல் பெயரளவில் எடுத்துச் செல்வோர் ஏமாற்றமடைவர்.

முடிவுரை

எழுத்தில் பதிந்த அளவின் மதிப்பு சட்ட அரங்கிலும் வெளிப்பட்டது. வேப்பெண்ணெயிலிருந்து பூஞ்சணக்கொல்லி ஆக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் உரிமை வழங்கியது. அவ்வறிவு முன்பே வழக்கில் இருந்ததென்ற சான்றுகளோடு எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டு, 2000இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. அவ்வழக்கில் தேவைப்பட்டது முன்னோர் பெருமை பற்றிய பேச்சு அன்று. யார், எப்போது, எவ்வாறு செய்தனர் என்னும் சான்று.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2002 முதல் வெளியிட்ட மரபு வேளாண் அறிவுத் தொகுப்புகள் இத்திசையில் பெரும்பணி. தமிழியல் ஆய்வாளர் செய்ய வேண்டியது இன்னும் நுண்ணியது. விதை காக்கும் முறை ஒன்றைக் களத்தில் பதிவுசெய்யும்போது, எந்தப் பயறு, எந்த வண்டு, எந்தப் பொருள், விதைக்கு எத்தனை பங்கு, ஊறலும் உலர்த்தலும் எவ்வளவு நேரம், எது முன் எது பின், எந்தக் கலம், எத்தனை மாதம், இறுதியில் நூறில் எத்தனை முளைத்தன என்பவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். விடை ‘ஒரு படிக்கு இரண்டு கை’ என்று வரின், அந்தக் கைகளில் உள்ளதை அப்போதே அளந்தும் நிறுத்தும் எழுத வேண்டும். அத்தகைய கைகளை உடைய மகளிர் இன்று பெரும்பாலும் முதியவர்கள். தாயகத்தில் சிலரும் புலம்பெயர்ந்த நாடுகளில் மிகச் சிலருமே உள்ளனர். பெயர்களை நம் அகராதிகள் காத்துவிட்டன. அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேளை இன்னும் முற்றாகக் கடந்துவிடவில்லை.